எழுத்துப் படிப்புக்கு என்ன வரும்படி?



இன்று நான் பணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இலக்கியத்தின் பெருமையைப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வீட்டுக்குப் போய் மகளோடு உட்கார்ந்து கல்லூரிப் பட்டியலைப் பிரிக்கும்போது அந்தக் கைதட்டல் உங்களுக்கு உதவாது.

இங்கே அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகளில் சிலர், பள்ளி முடிக்கிற நேரத்தில் "நான் ரைட்டிங் மேஜர் எடுக்கப் போகிறேன்" என்கிறார்கள். ஊரிலிருந்தும் சிலர் இதே படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். அப்பா கேட்கிற முதல் கேள்வி: "அதைப் படிச்சா என்னம்மா சம்பளம் வரும்?" இப்படிக் கேட்கிறவரைக் கலை தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. பல ஆண்டுகளாக எழுத்தைக் கல்லூரியில் கற்பித்து வருகிறவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பட்டம் லாபமா நட்டமா என்பதை, எல்லாவற்றையும் விட அதிகமாக, அதற்கு நீங்கள் கொடுக்கும் விலைதான் தீர்மானிக்கிறது. அடுத்தபடியாக, எழுத்தோடு சேர்த்து வேறு எதைத் தெரிந்துகொண்டு பிள்ளை வெளியே வருகிறாள் என்பது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ரைட்டிங்" என்ற ஒரே பெயரில் இரண்டு படிப்புகள் இருக்கின்றன. ஒன்று கதை, கவிதை எழுதக் கற்பது. அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறை அதற்குத் தாய்வீடு. நம் அசோகமித்திரன் 1973இல் அயோவாவுக்குப் போனாரே, அதை வைத்து 'ஒற்றன்!' நாவலும் எழுதினாரே, அது வேறு. பல நாட்டு எழுத்தாளர்களை அழைத்துத் தங்கவைக்கும் திட்டம் அது. அங்கே பட்டம் கிடையாது. பட்டறையில் இரண்டு ஆண்டு படித்தால் எம்.எஃப்.ஏ. என்ற முதுநிலைப் பட்டம்.

இன்னொன்று எழுத்தியல். ஹார்வர்டு 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னது. வந்த விடைத்தாள்களைப் பார்த்துப் பேராசிரியர்கள் கலங்கிப்போனார்கள். 1885 வாக்கில் முதலாண்டு மாணவர்களுக்கு என்றே ஒரு கட்டுரை வகுப்பு அங்கே நிலைபெற்றது. இன்று அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாக் கல்லூரியிலும், பொறியியல் படிக்க வருகிற பையன்கூட, அந்த வகுப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். அதைக் கற்பிக்கவும் ஆராயவும் வளர்ந்த துறையே எழுத்தியல். வாதத்தை எப்படிக் கட்டுவது, அறிக்கை, கையேடு, மானிய விண்ணப்பம், மருந்துக் குறிப்பு ஆகியவற்றை எப்படி எழுதுவது என்பதெல்லாம் இதில் அடங்கும். இந்த இரண்டு படிப்புகளின் வருமானக் கதையும் வேறு வேறு. மகள் எதைச் சொல்கிறாள் என்று முதலில் கேளுங்கள்.

இனி எண்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், டெக்னிக்கல் ரைட்டர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 80,050 டாலர். எடிட்டர்களுக்கு 75,020. எழுத்தாளர் என்ற தலைப்பில் வருகிறவர்களுக்கு 73,690. இடைநிலை என்றால், பாதிப்பேர் அதற்கு மேல், பாதிப்பேர் அதற்குக் கீழ். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அந்த வேலையில் உட்கார்ந்துவிட்டவர்களின் சம்பளம். பட்டம் வாங்கி அந்த நாற்காலிக்கு வராமலே போனவர்கள் இதில் இல்லை. சொந்தமாக எழுதிப் பிழைக்கும் ஃப்ரீலான்ஸ்காரர்களும் இல்லை. கல்லூரிகளின் விளம்பரத் தாள்களில் இந்த எண்ணைப் பார்த்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் எழுதிப் பிழைப்பவர்கள் நிலை என்ன? ஆதர்ஸ் கில்ட் என்ற எழுத்தாளர் சங்கம் 2023இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. முழுநேர எழுத்தாளர்களுக்கு 2022ஆம் ஆண்டில் புத்தகங்களிலிருந்து வந்த இடைநிலை வருமானம் 10,000 டாலர். சொற்பொழிவு, எடிட்டிங், வகுப்பு எடுப்பது எல்லாவற்றையும் சேர்த்தால் 20,000. அமெரிக்கப் பெருநகரங்கள் பலவற்றில் இது வாடகைக்கே போய்விடும். நாவல் எழுதும் ஆசையை இந்த எண்ணைக் காட்டிக் கொல்லவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாவலை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

அப்படியானால் எழுத்துக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்? எழுத்து தவறினால் நட்டப்படுகிறவர்கள் கொடுக்கிறார்கள். மெயின் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். நான் வகுப்பில் தவறாமல் எடுத்துப் போடும் வழக்கு இது.

ஓக்ஹர்ஸ்ட் என்பது அங்கே ஒரு பால் கம்பெனி. அதன் வண்டி ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். வாரத்துக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். ஆனால் அழுகும் உணவுப்பொருள்களைக் கையாளும் சில வேலைகளுக்கு விலக்கு உண்டு. பதப்படுத்துவது, உறையவைப்பது, உலர்த்துவது, சேமிப்பது என்று வேலைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில், அனுப்புவதற்கு அல்லது வினியோகத்துக்குப் பொதி கட்டுவது என்று பொருள்படும்படி ஒரு தொடரோடு அந்தப் பட்டியல் முடிகிறது. ஆங்கில மூலத்தில் "அல்லது" என்பதற்கு முன்னால் காற்புள்ளி இல்லை. காற்புள்ளி இருந்திருந்தால் வினியோகம் தனி வேலையாகப் பிரிந்துவிடும். வினியோகம் செய்கிற ஓட்டுநருக்கு ஓவர்டைம் கிடையாது. காற்புள்ளி இல்லாததால், எதற்காகச் செய்தாலும் சரி, அந்தக் கடைசித் தொடர் பொதி கட்டுகிற வேலைக்கு மட்டுமே விலக்கு தருகிறது என்றும் படிக்கலாம். ஓட்டுநர்கள் வண்டி ஓட்டினார்களே தவிரப் பொதி கட்டவில்லை.

கம்பெனியும் விடவில்லை. சட்டம் எழுதுவதற்கு அந்த மாநிலம் வைத்திருக்கும் கையேடே கடைசிக் காற்புள்ளியைப் போட வேண்டாம் என்றுதான் சொல்கிறது என்று வாதாடியது. கீழ்நீதிமன்றத்தில் ஜெயித்தும்விட்டது. 2017இல் பாஸ்டனிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. தொடர் இரண்டு பொருள் தருகிறது, அப்படியிருக்கும்போது தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தைத் தொழிலாளருக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்றது. 2018இல் கம்பெனி 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சட்டமன்றம் அந்தப் பட்டியலை அரைப்புள்ளிகள் போட்டுத் திருத்தி எழுதியது.

ஒரு காற்புள்ளியின் விலை 50 லட்சம் டாலர் என்று இதைப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. எனக்கு இதில் வேடிக்கை தெரியவில்லை. இரண்டு பொருள் தரும் வாக்கியத்தை அச்சுக்குப் போகும் முன்பே கண்டுபிடிக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு காரணம் இருக்கிறது என்றுதான் தெரிகிறது. எழுத்தியல் வகுப்பில் நாங்கள் பழக்குவது அந்தக் கண்ணைத்தான்.

இன்னும் பக்கத்தில் ஒன்றைக் காட்டுகிறேன். புது மருந்தைச் சோதிக்கும்போது, பங்கேற்கும் நோயாளியிடம் ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். பல படிவங்கள் இருபது பக்கம் போகும். சட்ட மொழியும் மருத்துவ மொழியும் கலந்து கிடக்கும். அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளுக்கான விதியைத் திருத்தியபோது, படிவத்தின் தொடக்கத்திலேயே முக்கியச் செய்திகளைச் சுருக்கமாகவும் புரியும்படியும் சொல்லியாக வேண்டும் என்று சேர்த்தார்கள். 2019இல் அது நடைமுறைக்கு வந்தது. இதை யார் எழுதுவது? "ரத்த அழுத்தத் தாழ்வு ஏற்படும் சாத்தியம் உண்டு" என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பார். "எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்திருங்கள்" என்று அதை மாற்றுவதற்கு மருந்தும் கொஞ்சம் தெரிய வேண்டும், படிக்கப்போகிற அறுபது வயது அம்மாளையும் தெரிய வேண்டும். என் மாணவர்கள் இப்படி ஒரு வாக்கியத்தோடு ஒரு வகுப்பு முழுக்கப் போராடுவார்கள். எளிமையாக்குகிறேன் என்று ஆபத்தைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. எச்சரிக்கிறேன் என்று பயமுறுத்திவிடவும் கூடாது. மருந்துக் கம்பெனிகளில் இந்த வேலை பார்க்கும் அனுபவசாலிகளின் சம்பளம் லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் அவர்களில் பலர் உயிரியலோ மருந்தியலோ படித்தவர்கள். நான் முதலிலேயே சொன்ன இரண்டாவது விஷயம் இதுதான். எழுத்து மட்டும் தெரிந்தவருக்கும், எழுத்தோடு புள்ளியியலோ உயிரியலோ கணக்கியலோ நாலைந்து பாடமாவது படித்தவருக்கும் முதல் வேலையிலேயே வித்தியாசம் தெரிகிறது. ரைட்டிங் மேஜரோடு ஒரு மைனர், அதாவது துணைப்பாடம், சேர்த்து எடுப்பதற்குப் பெரும்பாலும் கூடுதல் ஆண்டு ஆகாது.

அரசாங்கத்திலும் இடம் இருக்கிறது. ஒபாமா 2010இல் கையெழுத்திட்ட தெளிவான எழுத்துச் சட்டம், கூட்டாட்சித் துறைகள் மக்களுக்கு அனுப்புவதை மக்களுக்குப் புரிகிற மொழியில் எழுத வேண்டும் என்கிறது. அரசு வேலைக்கும் லாபநோக்கில்லாத அமைப்புகளின் வேலைக்கும் வேறொரு பணப் பலனும் சேர்கிறது. 2007இல் வந்த சட்டப்படி, இத்தகைய இடங்களில் முழுநேரமாக வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணை கட்டியவர்களுக்கு மீதிக் கூட்டாட்சிக் கல்விக் கடன் தள்ளுபடி. மானிய விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் குறைவு என்று சொல்லும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். இந்தச் சொற்பொழிவில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான்.

காலேஜ் போர்டு என்ற அமைப்பின் கணக்கின்படி 2024–25இல், சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் சராசரி ஆண்டுக் கட்டணம் 11,610 டாலர். தனியார் கல்லூரியில் 43,350. விடுதியும் சாப்பாடும் தனி. நான்கு ஆண்டுக்குப் பெருக்கினால் ஒரு பக்கம் 46,000 சொச்சம், இன்னொரு பக்கம் 1,73,000. தனியார் கல்லூரிகள் பலருக்கும் கட்டணத்தில் தள்ளுபடி தருகின்றன என்பது உண்மை. அதனால்தான் அறிவித்த கட்டணத்தைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, உதவித்தொகைக் கடிதம் வராமல் முடிவு எடுக்கவும் கூடாது. அந்தக் கடிதத்தில் கடனையும் "உதவி" என்ற தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். திருப்பிக் கட்ட வேண்டாத தொகை எது, கட்டவேண்டிய தொகை எது என்று பேனாவால் பிரித்துக் குறியுங்கள்.

பெற்றோரைச் சார்ந்த மாணவர் தன் பெயரில் நான்கு ஆண்டில் வாங்கக்கூடிய கூட்டாட்சிக் கடன் 27,000 டாலர்தான். ஆறரை சதவீத வட்டியில் பத்து ஆண்டுத் தவணை என்று வைத்தால் மாதம் 307 டாலர் ஆகும். தொடக்கச் சம்பளம் 45,000 வாங்கும் எழுத்தியல் பட்டதாரி ஒருத்தி இதைச் சிரமப்பட்டாலும் கட்டிவிடுவாள். அதுவே ஒரு லட்சம் டாலர் கடன், எட்டு சதவீத வட்டி என்றால் மாதம் 1,213 டாலர். அந்தச் சம்பளத்தில் அது நடக்காது. இரண்டு பெண்களும் ஒரே பாடம் படித்து, ஒரே வேலைக்குப் போயிருக்கலாம். ஒருத்திக்கு அந்தப் பட்டம் வாழ்வு கொடுத்தது, இன்னொருத்தியை முப்பது வயதைத் தாண்டியும் அழுத்திப் பிடித்தது.

முதுநிலையில் இது இன்னும் கொடுமை. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2021இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் திரைப்பட எம்.எஃப்.ஏ. பற்றி எழுதியது. திரைக்கதையும் அதற்குள் வரும். கடன் வாங்கிப் படித்தவர்களின் இடைநிலைக் கடன் 1,81,000 டாலர். படித்து முடித்து இரண்டு ஆண்டில் அவர்களில் பாதிப்பேரின் ஆண்டு வருமானம் 30,000க்கும் கீழே. பெயர் பெற்ற பல்கலைக்கழகம் என்பதே இங்கே வலையாகிவிட்டது. அதே நேரத்தில் டெக்சஸில் மிச்னர் மையம், மிச்சிகனில் ஹெலன் ஸெல் திட்டம் போன்ற எழுத்து எம்.எஃப்.ஏ. படிப்புகள் கட்டணம் வாங்காமல், மாணவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்துப் படிக்கவைக்கின்றன. இடம் கிடைப்பது மிகக் கடினம். ஆனாலும் என் கருத்தை உறுதியாகச் சொல்கிறேன்: கதை எழுதும் எம்.எஃப்.ஏ. பட்டத்துக்குக் கடன் வாங்கக் கூடாது. இலவசமாகக் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் வேலை பார்த்துக்கொண்டே எழுதிவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அந்தப் பட்டத்தால் வருகிற பணம் எப்படிப்பட்டது என்பதற்கு நமக்கு நெருக்கமான ஒருவரைச் சொல்கிறேன். வி.வி. கணேஷானந்தன், அமெரிக்காவில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண். அயோவா பட்டறையில் எம்.எஃப்.ஏ. வாங்கியவர். முதல் நாவல் 2008இல் வந்தது. அடுத்த நாவல் 'பிரதர்லெஸ் நைட்' 2023இல். அது 2024இல் பிரிட்டனின் விமென்ஸ் பிரைஸ் பரிசை வென்றது, தொகை 30,000 பவுண்டு. அதே ஆண்டில் கேரல் ஷீல்ட்ஸ் பரிசும் கிடைத்தது, 1,50,000 டாலர். நம் சமூகமே பெருமைப்பட்டது. நான் கவனிப்பது இடையில் உள்ள 15 ஆண்டுகளை. அந்தக் காலத்தில் அவர் மிச்சிகனிலும் மின்னசோட்டாவிலும் பல்கலைக்கழகங்களில் எழுத்து கற்பித்துக்கொண்டிருந்தார். எம்.எஃப்.ஏ. என்பது கல்லூரியில் எழுத்து கற்பிக்கும் வேலைக்கு ஏற்கப்படும் இறுதிப் பட்டம். அதன் நிலையான பண மதிப்பு அங்கேதான் இருக்கிறது, பரிசில் இல்லை. ஆனால் நிரந்தர ஆசிரியர் இடங்கள் மிகச் சில. மற்றவர்கள் ஒப்பந்த ஆசிரியர்கள். ஒரு பருவத்தில் ஒரு வகுப்புக்குச் சராசரியாக 4,000 டாலர் அளவில்தான் கையில் கிடைக்கிறது. ஹார்வர்டு தொடங்கிவைத்த அந்த முதலாண்டு வகுப்பை இன்று நாடு முழுக்கத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இது நியாயமில்லை என்று நான் எல்லா மேடையிலும் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

"கம்ப்யூட்டர் படித்தால் இந்தத் தொல்லையே இல்லையே?" என்று கேட்பீர்கள். முதல் சம்பளத்தில் நீங்கள் சொல்வது சரி. டேவிட் டெமிங், கதீம் நோரே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பொறியியல், கணினி படித்தவர்களுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் கூடுதல் சம்பளம், முதல் பத்து ஆண்டுக்குள் பாதிக்கு மேல் கரைகிறது என்று அவர்கள் காட்டினார்கள். கற்ற தொழில்நுட்பம் பழையதாகிப்போவதுதான் காரணம். இதை வைத்து எழுத்துப் பட்டதாரி பொறியாளரை முந்திவிடுவார் என்று சொல்வது தவறு. இடைவெளி குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் 23 வயதுச் சம்பளத்தை வைத்து வாழ்நாள் முழுவதையும் கணக்குப் போடக் கூடாது என்பது தெரிகிறது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், விற்பனைப் பொருள்களுக்கு விளக்கம் எழுதுவது, ஏற்கெனவே உள்ள கட்டுரையைச் சுருக்கிக் கொடுப்பது போன்ற வேலைகளுக்கு ஆள் எடுப்பது குறைந்துவிட்டது. இவை சின்ன வேலைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. புதிதாகப் பட்டம் வாங்கியவர்கள் ஏறிய முதல் படியே இவைதான். ஹாலிவுட் எழுத்தாளர்களுக்குச் சங்கம் இருந்தது. 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, நிறுவனம் அந்தக் கருவியை எழுத்தாளர் மேல் திணிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். விளம்பர வரி எழுதும் பெண்ணுக்கு அப்படி ஒரு சங்கம் கிடையாது. எனவே படிக்கும்போதே ஒரு மருத்துவமனையிலோ மென்பொருள் நிறுவனத்திலோ சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் செய்யாமல் இந்தப் பட்டத்தை முடிக்க வேண்டாம் என்கிறேன். முன்பு இதை ஆலோசனையாகச் சொன்னேன், இப்போது வற்புறுத்திச் சொல்கிறேன். ஒப்புதல் படிவத்தை இயந்திரம் எழுதித் தரலாம். அதிலுள்ள தவறுக்கு அது பொறுப்பேற்காது. படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லும் ஆள் வேண்டும், ஆனால் அந்த இடத்தில் யாரும் புது ஆளை உட்காரவைப்பதில்லை.

ஊரிலிருந்து மாணவர் விசாவில் வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும். எழுத்தியல் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையில் வீட்டை அடமானம் வைத்து வருகிற பிள்ளைக்கு, வாங்கிய கடனை டாலரில் சம்பாதித்து அடைக்க உறுதியாக இருப்பது ஒரே ஆண்டு. இதைச் சொல்லாமல் சேர்த்துவிடும் ஏஜென்டுகளின் பேச்சை நம்பாதீர்கள்.

கடைசியாக, கல்விக் கடன் விதிகளை மாற்றி 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம். 2026 ஜூலை 1 முதல், முதுநிலை மாணவர்கள் செலவு முழுவதற்கும் அரசுக் கடன் வாங்க வழிசெய்த கிராட் பிளஸ் திட்டம் புதியவர்களுக்குக் கிடையாது. எழுத்து போன்ற முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் ஒரு லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. பெற்றோர் வாங்கும் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு. மீதிக்குத் தனியார் வங்கியை நாடச் சொல்வார்கள். அங்கே நான் சொன்ன 120 மாதத் தள்ளுபடி செல்லாது. இன்னொன்று, இளநிலைப் படிப்பு ஒன்றை முடித்தவர்களின் இடைநிலை வருமானம், பள்ளிப் படிப்போடு நின்றவர்களின் வருமானத்தைவிட மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு குறைவாக இருந்தால், அந்தப் படிப்புக்கு அரசுக் கடனே கிடைக்காமல் போகும். நான் இதை முழுமனதோடு வரவேற்கவில்லை, ஏனென்றால் எழுதத் தெரிந்த சமூக ஊழியர் ஒருவரின் மதிப்பைச் சம்பளச் சீட்டு காட்டாது. ஆனாலும் இதனால் கல்லூரிகள் இனிப் பட்டதாரிகளின் வருமானத்தைத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் கல்லூரி வாரியாக, படிப்பு வாரியாக வருமானமும் கடனும் இருக்கின்றன. கல்லூரி தன் துறைக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், அங்கே "ரெட்டரிக் அண்ட் காம்போசிஷன், ரைட்டிங் ஸ்டடீஸ்" என்ற தலைப்பில் தேடுங்கள். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் இடங்களில் எண் காட்டாது. அப்போது துறைத் தலைவருக்கு நேரடியாகக் கடிதம் போட வேண்டியதுதான். கடந்த மூன்று ஆண்டில் எத்தனை பேர் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள், எத்தனை பேருக்குச் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் கிடைத்தது என்று கேளுங்கள். கடிதத்தை உங்கள் மகளே எழுதட்டும். முன்பணம் கட்டக் கடைசி நாள் பெரும்பாலான கல்லூரிகளில் மே 1. ஏப்ரல் தொடக்கத்திலேயே அனுப்பிவிட்டால் பதிலைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்கும்.